பெயின்டா? ஜெல்கோட்டா? – படகு ரிப்பேரும் நம் படிப்பும்



ஆண்டு மலரில் எழுத எத்தனையோ விஷயம் இருக்க, படகுக்குப் பெயின்ட் அடிப்பதா ஜெல்கோட் பூசுவதா என்று ஒரு திருப்பூர்க்காரன் எழுத வந்திருக்கிறானே என்று சிரிக்காதீர்கள். வேலம்பாளையத்தில் இருந்து கடலைப் பார்க்க ஒரு ராத்திரி முழுக்க பஸ்ஸில் உட்கார வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் நம் லைன் வீடுகளில் குடியிருப்பவர்கள் எந்தெந்த ஊரில் இருந்து வந்தவர்கள் என்று ஒரு நாள் கணக்கு எடுத்துப் பாருங்கள். ராமநாதபுரம், தேனி, திருநெல்வேலி, நாகப்பட்டினம் என்று பட்டியல் நீளும். எங்கள் குடும்பமும் அப்படிப் பிழைக்க வந்த குடும்பம்தான்.

அப்பா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். அம்மா செக்கிங். அம்மா பிறந்தது தொண்டிப் பக்கம் ஒரு கடற்கரைக் கிராமம். அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, அங்கே ஃபைபர் போட்டு ரிப்பேர் பார்க்கிறார். அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, பத்தாவது தாண்டிப் படிக்கிற முதல் ஆள் நான். அப்படிப் படிக்கிற பிள்ளைக்குப் புத்தகத்தோடு சேர்த்து வேறு சில வேலைகளும் வந்துவிடும் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேங்க் பாரம் நிரப்புவது, கரண்ட் பில் பார்ப்பது, ஆஸ்பத்திரிச் சீட்டைப் படித்துச் சொல்வது எல்லாம் நம் தலையில்தான். போன வருஷ லீவில் மாமாவிடம் இருந்து எனக்கு வந்தது வேறு மாதிரிக் கேள்வி.

"ஏன் மருமகனே, நீ மெக்கானிக்கல்தானே படிக்கிற? சின்ன அடி வாங்குன போட்டுக்கு பெயின்ட் போதுமா, ஜெல்கோட்டுதான் போடணுமா? போட்டுக்காரங்க பெயின்ட் போதும்ங்கறாங்க. நான் வேணாம்ங்கறேன். படிச்சவன் நீ சொல்லு."

ஏதோ ஒரு பதிலைச் சொல்லித் தப்பிக்க முடியாத கேள்வி. அந்தப் படகுதான் அவர்களுக்கு வீட்டு அடுப்பு. தெரிந்தவர்களிடம் கேட்டும், கிடைத்ததைப் படித்தும், மாமாவின் பட்டறையில் கூட நின்று பார்த்தும் நான் வந்து சேர்ந்த முடிவை இங்கே சொல்கிறேன்.

ஃபைபர் வந்த கதை

நம் கிழக்குக் கரையில் காலங்காலமாக ஓடியது கட்டுமரமும் வள்ளமும். 1979-ல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தின் வங்காள விரிகுடாத் திட்டம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கியது. அலை அடிக்கும் கரையில் நேராக வந்து ஏறக்கூடிய கண்ணாடியிழைப் படகுகளை அந்தத் திட்டத்தில் செய்து பார்த்தார்கள். 2004 டிசம்பர் 26-ம் தேதி சுனாமி வந்தது. போன கட்டுமரங்களுக்குப் பதிலாகக் கடற்கரை நெடுக வந்து இறங்கியவை ஃபைபர் போட்டுகள். அவசரத்துக்குப் புதுப்புதுப் பட்டறைகள் முளைத்தன. கட்டுகிற ஆட்கள் வந்தார்கள். ஆனால் கட்டியதைப் பழுது பார்க்கத் தெரிந்த ஆட்கள் அதே வேகத்தில் வரவில்லை.

மரம் பழுதானால் என்ன செய்வது என்று ஆசாரிக்குப் பரம்பரையாகத் தெரியும். ஃபைபருக்கு அப்படிப் பரம்பரை எதுவும் இல்லை. தாத்தா சொல்லிக் கொடுத்தது என்று ஒன்றும் கிடையாது. அதனால்தான் வீட்டு ஜன்னலுக்கு அடிக்கிற எனாமலையே படகுக்கும் அடிக்கிற பழக்கம் வந்தது. இதில் மீனவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சொல்லித்தர யாரும் வரவில்லை, அவ்வளவுதான்.

இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதை விளக்குவது சுலபம். பெயின்ட் என்பது பிரிண்டிங். ஜெல்கோட் என்பது சாயம்.

பனியன் துணிக்கு ரியாக்டிவ் சாயம் போட்டால் சாயம் பருத்தியோடு ரசாயனமாகவே சேர்ந்துவிடுகிறது. துவைத்தால் போகாது. பிக்மென்ட் பிரிண்ட் அப்படி இல்லை. பைண்டர் என்ற பசை நிறத்தைத் துணியின் மேல் பிடித்து வைத்திருக்கிறது. பசை விட்டால் நிறமும் விடும்.

ஃபைபர் போட்டு கட்டும்போது அச்சுக்குள் முதலில் பூசுவது ஜெல்கோட். அதுவும் பாலியெஸ்டர் ரெசின்தான், நிறமும் கெட்டிப்படுத்தும் பொடியும் சேர்த்தது. அது முழுசாக இறுகும் முன்பே அதன் மேல் கண்ணாடியிழை மேட்டை விரித்து ரெசின் ஊற்றி உருளையால் தேய்க்கிறார்கள். ஒரே ஜாதி ரெசின் ஆனதால் இரண்டும் பின்னிப் பிணைந்து ஒன்றாகிவிடுகின்றன. அச்சில் இருந்து எடுத்துக் கவிழ்த்தால் பளபளவென்று தெரிகிற தோல்தான் ஜெல்கோட். அதன் கனம் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர், அதாவது 400 முதல் 600 மைக்ரான். எனாமல் பெயின்ட் ஒரு கோட்டு காய்ந்தபின் 30, 40 மைக்ரான்தான் நிற்கும். இரண்டு கோட்டு அடித்தாலும் ஜெல்கோட்டில் ஆறில் ஒரு பங்கு, ஏழில் ஒரு பங்குதான் வரும்.

அந்தத் தோல் எதற்கு? தண்ணீர் உள்ளே போகாமல் தடுக்க. தோல் போன இடத்தில் கண்ணாடி நூல் வெளியே தெரிந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது மாதிரி கடல்தண்ணீர் நூல் வழியாக உள்ளே ஏறும். படகு கனக்கும். ரெசினும் நூலும் ஒன்றையொன்று விடும். சில படகுகளில் அடிப்பக்கம் கொப்புளம் கிளம்பும். அதைக் குத்தினால் காடி மாதிரிப் புளித்த வாசனையோடு தண்ணீர் வரும். ரெசினில் சேராமல் நின்ற சரக்கு தண்ணீரில் கரைந்து, சவ்வூடு பரவலால் மேலும் தண்ணீரை இழுத்ததால் வந்த வினை அது.

இதுவரை கேட்டால் ஜெல்கோட்டுக்கே ஓட்டு போடத் தோன்றும். அவசரப்படாதீர்கள்!

ரிப்பேரில் கணக்கு மாறுகிறது

புதுப் படகு கட்டும்போது ஜெல்கோட் சாயம். ஆனால் பத்து வருஷம் ஓடிய படகில் ஒட்டுப் போடும்போது அதுவும் ஒரு வகைப் பிரிண்ட்தான். ஏனென்றால் பழைய ரெசின் என்றோ இறுகி முடித்துவிட்டது. புதிதாகப் பூசுகிற ஜெல்கோட்டோடு கைகோக்க அதில் பெரிதாக ஒன்றும் மிச்சம் இல்லை. அப்போது பிடிப்பு எங்கிருந்து வரும்? உப்புத்தாள் போட்ட கீறலில் இருந்துதான் வரும்.

நமக்குப் பக்கத்து அனுப்பர்பாளையத்துப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைத் தேய்த்து, சூடாக்கி, நவச்சாரம் போட்டு அழுக்கை எடுத்த பிறகுதான் ஈயத்தைத் தொடுவார். தேய்க்காத பாத்திரத்தில் எவ்வளவு நல்ல ஈயமும் நிற்காது. படகுக்கும் அதே சட்டம். முதலில் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவ வேண்டும். வெயிலில் நன்றாகக் காய வைக்க வேண்டும். பளபளப்பு போகிற வரைக்கும் தேய்க்க வேண்டும். அசிட்டோன் தொட்ட துணியால் துடைக்க வேண்டும். முடிமாதிரி விரிசல் இருந்தால் அதன் மேலேயே பூசக்கூடாது. 'வி' வடிவத்தில் கீறித் திறந்து, பிறகு நிரப்ப வேண்டும். இல்லாவிட்டால் பெயின்டும் சரி, ஜெல்கோட்டும் சரி, அடுத்த மாசமே அதே கோட்டில் விரிசல் விடும்.

அடி ஆழமாக மேட் வரைக்கும் போயிருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஓட்டையைச் சுற்றிச் சரிவாக இழைத்து, மேட் வைத்து ரெசின் போட்டுப் பழைய கனத்துக்குக் கொண்டுவர வேண்டும். 5 மில்லிமீட்டர் கனம் என்றால் சுற்றிலும் 60 மில்லிமீட்டர் சரிவு, அதாவது ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது நல்ல கணக்கு. பலம் தருவது மேட்தான். மேல்பூச்சு எதுவானாலும் பலம் தராது.

நான் கேட்கச் சொல்லும் மூன்று கேள்விகள்

முதல் கேள்வி: அடி எங்கே பட்டிருக்கிறது?

நாகப்பட்டினம், கடலூர்ப் பக்கம் அலை பெரிது. படகைத் தினமும் மணலில் இழுத்து ஏற்றுகிறார்கள். மணல் என்பது கடவுள் கொடுத்த உப்புத்தாள்! 70 மைக்ரான் பெயின்ட் அதற்கு எத்தனை நாள் தாங்கும்? தொண்டிப் பக்கம் பாக் நீரிணையில் கடல் ஆழம் குறைவு, அலையும் குறைவு. படகு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே நங்கூரத்தில் நிற்கும். பாசியும் கொட்டலசும் பிடிக்கும், சுரண்ட வேண்டிவரும். சாதாரண எனாமல் எப்போதும் முங்கிக் கிடப்பதற்காகச் செய்த சரக்கு இல்லை, உரிந்துவிடும். ஆக இரண்டு கரையிலும் காரணம் வேறு, விடை ஒன்று: தண்ணீர்க் கோட்டுக்குக் கீழே சின்ன அடி என்றால் ஜெல்கோட்.

தண்ணீர்க் கோட்டுக்கு மேலே கதை வேறு. அங்கே எதிரி வெயில். பழைய ஜெல்கோட் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி கையில் ஒட்டும். அதில் உள்ளங்கை அளவு புது ஜெல்கோட் பூசினால் ஷேடு சேராது. ஒரே ஆர்டரில் லாட் மாறிப் போன பீஸ் மாதிரி தனியாகத் தெரியும். பக்கம் முழுக்க ஜெல்கோட் பூசலாமே என்றால், 8 மீட்டர் படகில் இரண்டு பக்கமும் சேர்த்து ஏறக்குறைய 13 சதுர மீட்டர். அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஏழு, எட்டு கிலோ வேண்டும். அச்சில் வந்த பளபளப்பு பிரஷ்ஷில் வராது, ஆகவே அத்தனையையும் திரும்பத் தேய்க்க வேண்டும். யாருக்கு முடியும்? அங்கே பிரைமரும் பெயின்டும்தான் புத்திசாலித்தனம். மூன்று லிட்டரில் இரண்டு கோட்டு முடிந்துவிடும். 2008 நவம்பர் மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு படகுகளுக்கு மாநிலத்துக்கு ஒரு நிறம் என்று வகுத்தார்கள். பதிவு எண்ணும் பளிச்சென்று தெரிய வேண்டும். அதற்கும் பெயின்ட்தான்.

இரண்டாவது கேள்வி: அடியில் ஏற்கெனவே என்ன இருக்கிறது?

இதை யாரும் கேட்பதில்லை. நடுக்கடலில் ஓட்டை விழுந்தால் கையில் கிடைக்கிற எம்-சீலை அப்பிக் கரை சேருகிறார்கள். உயிர் பிழைக்க அது சரி. ஆனால் எம்-சீல் எபாக்ஸி ஜாதி. அதன் மேல் பாலியெஸ்டர் ஜெல்கோட் ஒழுங்காகப் பிடிக்காது. ஒன்று, அதை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு ஜெல்கோட் போடு. இல்லை, அதை விட்டுவிட்டு மேலே பெயின்ட் அடி. அதே மாதிரி பழைய பெயின்ட் மேல் ஜெல்கோட் பூசுவது ஆற்றில் போட்ட காசு. ஜெல்கோட்டின் மேல் பெயின்ட் நிற்கும், பெயின்டின் மேல் ஜெல்கோட் நிற்காது. மாமாவுக்கு நான் எழுதிக் கொடுத்த சீட்டில் முதல் வரி இதுதான்.

மூன்றாவது கேள்வி: எத்தனை நாள் ஆகும்?

விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு, அந்த நாளில் பழுது பார்த்துக்கொள்ளலாம். ஃபைபர் போட்டுக்கு அப்படி ஓய்வு இல்லை. படகு கரையில் நிற்கிற ஒவ்வொரு நாளும் வருமானம் இல்லாத நாள். நம் அப்பா அம்மாவுக்கு பீஸ் ரேட் மாதிரி. 'பெயின்ட்னா சுருக்கா முடிஞ்சிடும்' என்று போட்டுக்காரர்கள் சொல்வது இதனால்தான்.

உண்மையில் தலைகீழ்! எனாமல் ஒரு கோட்டு இறுக ஒரு ராத்திரி வேண்டும். இரண்டு கோட்டு, அதன் பிறகு தண்ணீரில் இறக்கும் முன் இன்னும் காய்ச்சல். ஜெல்கோட் நம் வெயிலில் அரை மணிக்குள் உறையும், சில மணி நேரத்தில் தேய்க்கலாம். காலையில் ஆரம்பித்த உள்ளங்கை அளவு ஒட்டு சாயங்காலம் முடிந்துவிடும்.

விலை என்ற பூச்சாண்டி

'ஜெல்கோட் விலை ஜாஸ்தி' என்பது அடுத்த வாதம். ஒரு கிலோ டப்பாவின் விலையைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். நாம் படித்த கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்ப்போம். 10 சென்டிமீட்டருக்கு 10 சென்டிமீட்டர், அரை மில்லிமீட்டர் கனம். பெருக்கினால் 5 கன சென்டிமீட்டர். ஒரு டீஸ்பூன்! சேதாரம் சேர்த்தாலும் மூன்று டீஸ்பூன் போதும். டீஸ்பூன் செலவுக்காகக் கிலோ விலையைப் பார்த்துப் பயந்து, வருஷம் இரண்டு தரம் பெயின்ட் டப்பா வாங்குகிறோம்.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஜெல்கோட் திறந்து வைத்தால் சில மாசத்தில் கெட்டுப்போகும். தனி ஆள் ஒரு கிலோ வாங்கினால் முக்கால் கிலோ வீண். இதற்கு வழி மீனவர் கூட்டுறவுச் சங்கமோ ஊர்ப் பட்டறையோ ஒரு டப்பா வாங்கி, வேண்டியவர்களுக்கு அளந்து கொடுப்பது. வேலம்பாளையத்தில் நாலு சின்னக் கம்பெனி சேர்ந்து ஒரு மிஷினுக்கு வேலை கொடுப்பதில்லையா, அதே மாதிரி.

கலக்குவதிலும் கவனம் வேண்டும். ஹார்டனர் எடைக்கு 1 முதல் 2 சதவீதம். 50 கிராமுக்கு ஏறக்குறைய 1 மில்லி. 'கண்ணாலம்' பார்த்து ஊற்றாமல், ஊசி இல்லாத சிரிஞ்சில் அளக்கலாம், மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும். காற்று பட்டால் ஜெல்கோட்டின் மேல்முகம் பிசுபிசுவென்றே நிற்கும். கடைசிக் கோட்டில் மட்டும் மெழுகுக் கரைசல் சேர்க்க வேண்டும், அல்லது மேலே பாலிதீன் தாளை ஒட்டி மூட வேண்டும். மெழுகை முதல் கோட்டிலேயே சேர்த்தால் இரண்டாவது கோட்டு பிடிக்காது.

கண்ணும் மூச்சும்

இதைச் சொல்லாமல் கட்டுரையை முடித்தால் பாவம். அந்த ஹார்டனர் ஒரு சொட்டு கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். உடனே நிறைய தண்ணீர் விட்டுக் குறைந்தது 15 நிமிஷம் கழுவி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். கோபால்ட் என்று சொல்கிற ஆக்ஸிலரேட்டரையும் ஹார்டனரையும் நேராக ஒன்றோடொன்று கலக்கவே கூடாது, தீப்பிடிக்கும், வெடிக்கும். கோபால்டை ரெசினில் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்டனரைத் தொட வேண்டும். கிரைண்டர் போடும்போது பறக்கிற கண்ணாடித் தூசி மூச்சில் போகும். பெயின்டும் சாது இல்லை. இரண்டு டப்பா கலந்து அடிக்கிற பாலியூரிதேனை ஸ்பிரே செய்தால் அதில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவைக் கொண்டுவரும்.

மாமா முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டுதான் கிரைண்டர் பிடிக்கிறார். ராத்திரி முழுக்க இருமுகிறார், கை முழுக்க அரிப்பு. நம் சாயப்பட்டறைகளில், பிரிண்டிங் டேபிளில் நிற்கிறவர்களை நினைத்துப் பாருங்கள், வித்தியாசம் இருக்கிறதா? எந்தப் பூச்சு நல்லது என்று கேட்கிற நாம், பூசுகிறவன் நன்றாக இருக்கிறானா என்றும் கேட்க வேண்டும். ஒரு கண்ணாடி, ஒரு நல்ல மாஸ்க், ஒரு ஜோடி கையுறை. இவையும் ரிப்பேர்ச் செலவில் ஒரு வரியாக எழுதப்பட வேண்டும் என்பது என் கட்சி.

நமக்கு இதில் என்ன?

காம்போசிட் பொருட்கள் பற்றி நாம் பாடத்தில் படிக்கிறோம். பரீட்சையில் நன்மை ஐந்து, தீமை ஐந்து எழுதி மார்க் வாங்குகிறோம். ஆனால் ஒரு கண்ணாடியிழை மேட்டைக் கையால் தொட்டவர்கள் நம்மில் எத்தனை பேர்? இத்தனைக்கும் ஃபைபர் நம் ஊருக்குப் புதுசு இல்லை. 2011 ஜனவரியில் ஐகோர்ட் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிக் கிடந்து, பின்னால் தண்ணீரை முழுக்கச் சுத்தம் செய்தால்தான் ஓடலாம் என்ற நிலை வந்ததே, அந்தச் சுத்திகரிப்பு நிலையங்களில் சவ்வுகளை அடைத்து வைத்திருக்கிற நீளக் குழாய்கள் பெரும்பாலும் ஃபைபர்தான். நாளைக்கு அவற்றில் ஒன்று கசிந்தால் என்ன செய்வது என்று நம்மைத்தான் கேட்பார்கள்.

புதிதாகச் செய்வதுதான் என்ஜினியரிங், பழுது பார்ப்பது 'ஒர்க்ஷாப் வேலை' என்று ஒரு நினைப்பு நம்மிடம் இருக்கிறது. எனக்கு அது பிடிக்கவில்லை. எங்கே அடி, அடியில் என்ன, எத்தனை நாள், எத்தனை ரூபாய், செய்கிறவனுக்கு என்ன ஆபத்து என்று இத்தனையும் யோசித்து முடிவு எடுப்பது என்ஜினியரிங் இல்லையென்றால் வேறு எது?

ஆகவே மாணவர் பேரவைக்கு என் கோரிக்கை இது. அடுத்த ஆண்டு ஒரு சனிக்கிழமை நம் ஒர்க்ஷாப்பில் ஃபைபர் ரிப்பேர்ப் பயிற்சி ஒன்று வையுங்கள். பெரிய செலவு இல்லை. உடைந்த ஃபைபர் சேர் ஒன்று, ரெசின் ஒரு கிலோ, மேட் கொஞ்சம், உப்புத்தாள், எல்லாருக்கும் கண்ணாடியும் மாஸ்க்கும். ஒரு பாதிக்கு ஜெல்கோட், மறு பாதிக்குப் பெயின்ட். இரண்டையும் ஆறு மாசம் தண்ணீர்த் தொட்டியில் போட்டு வைப்போம். எது நிற்கிறது என்று அடுத்த மலரில் எழுதுவோம். சொல்லிக் கொடுக்க மாமாவைக் கூட்டி வருகிறேன். பஸ் செலவும் ஒரு வேளைச் சாப்பாடும் பேரவை பார்த்துக்கொண்டால் போதும்.

— இயந்திரவியல், மூன்றாம் ஆண்டு